காவல் நாய் பாட்டின் வரிகள்

"வரி வேணும் சார். ரெண்டு வரி, நாலு வரி போதாது. முதல்லேருந்து கடைசி வரைக்கும் முழுசா வேணும்," என்றாள் யொலாந்தா.

அதேரித்து அப்போது மீன்சந்தைக்குப் பின்தெருவில் ஒரு வீட்டு வாசலில், தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். தலையை வெளியே எடுக்காமலேயே பதில் சொன்னார்.

"வரியெல்லாம் மேல் மாடிம்மா. நான் தண்ணி."

"வீட்டு வரி இல்ல சார், பாட்டு வரி! 'காவல் நாய்' பாட்டு! சனிக்கிழமை நீங்க பாடும்போது நான்தான் மேடை ஓரத்துல நின்னு காது கேக்காதவங்களுக்குக் கையால சொல்லப் போறேன். நகராட்சியில என்னை அதுக்குத்தான் போட்டிருக்காங்க. வரி தெரியாம நான் என்னத்தைச் சொல்றது? மூணு நிமிஷமும் நாய்க்காது மாதிரி விரலை ஆட்டிக்கிட்டு நிக்கவா?"

அதேரித்துவின் தலை மெல்ல வெளியே வந்தது. நெற்றியில் சிலந்தி வலை ஒட்டியிருந்தது.

"அவ்வளவுதானே? நாளைக்குத் தர்றேன்," என்றார்.

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது. அந்தப் பாட்டில் ஒரு வரிகூட அவருக்கு ஞாபகம் இல்லை.

அதேரித்துவுக்கு வயது அறுபத்தொன்று. பொந்தால் நகராட்சியில் மீட்டர் அளவெடுப்பவர். ஆனால் ஊரில் பாதிப் பேர் அவரை இன்னும் 'ப்ரேகு' என்றுதான் கூப்பிட்டார்கள். ப்ரேகு என்றால் ஆணி. இருபத்தொரு வயதில் காதில் நிஜமான ஆணி ஒன்றை மாட்டிக்கொண்டு, 'புளித்த பூசை' என்ற பங்க் இசைக்குழுவில் பாடியவர். பாடினார் என்பதைவிடக் கத்தினார் என்பதே சரி.

அந்தக் குழு பேர் வாங்கியது ஒரே ஒரு பாட்டால். அந்தப் பாட்டைப் பாடியதும் ஒரே ஒரு தடவைதான்.

எண்பத்து மூன்றாம் வருஷம், புனித பேதுரு திருவிழா. மீன்சந்தை முன்னால் ஒரு லாரியே மேடை. முதல் ஆறு பாட்டையும் ஊர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டது. ஏழாவதாகக் 'காவல் நாய்' தொடங்கியது. மூன்றே நிமிஷம். அதற்குள், பவனியை நடத்திக்கொண்டு வந்த பங்குச்சாமியார் நடுத்தெருவில் நின்று சிலுவைக்குறி போட்டார். ஏட்டு மேடையில் ஏறி மூன்று பேரையும் சட்டையைப் பிடித்து இறக்கிக் கைது செய்தார். மறுவாரமே நகராட்சி, இந்தக் கூட்டம் இனி ஊருக்குள் கருவியைத் தொடக் கூடாது, அந்தப் பாட்டை எங்கேயும் பாடவே கூடாது என்று தடை போட்டுவிட்டது.

அந்தத் தடைதான் அவர்களுக்கு விடிவுகாலம். ஆற்றுக்கு அக்கரையில் லிஸ்பன் பத்திரிகைகள் 'பாடக் கூடாத பாட்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டன. கூப்பிடாத ஊர் இல்லை. எந்த மேடையானாலும் ஏழாவது பாட்டின் முறை வந்ததும் மூன்று பேரும் வாயில் கறுப்பு டேப்பை ஒட்டிக்கொண்டு மூன்று நிமிஷம் அசையாமல் நிற்பார்கள். ஜனம் வெறிபிடித்த மாதிரி கத்தும். போர்ட்டோவில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். எல்லை தாண்டி வீகோவுக்குப் போனபோது ஸ்பானியர்கள் அதையே இன்னொரு தடவை நிற்கச் சொன்னார்கள். இரண்டாவது இசைத்தட்டில் அந்தப் பாட்டுக்காக மூன்று நிமிஷம் காலியாகவே விட்டிருந்தார்கள். அந்த மௌனத்தைப் பற்றி ஒரு விமர்சகர் பதினான்கு பக்கம் எழுதினார். அதேரித்துவால் நாலாவது பக்கத்துக்கு மேல் போக முடியவில்லை.

ஆறு வருஷம் ஓடியது. அப்புறம் கிதார் வாசித்த நேலியு லக்சம்பர்க்கில் கட்டட வேலைக்குப் போனார். டிரம்ஸ் வாசித்த குவால்தீனு கல்யாணம் செய்துகொண்டார். குழு கலைந்தது.

இப்போது நாற்பது வருஷம் கழித்து, தடை போட்ட அதே நகராட்சி அவர்களுக்குப் பதக்கம் கொடுக்கப் போகிறது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் படகுத்துறையில் விழா. 'காவல் நாய், இரண்டாவது முறையாக' என்று சுவரெல்லாம் போஸ்டர்.

வரிகளை எழுதிவைப்பது வங்கிக் குமாஸ்தா வேலை என்பது அந்தக் காலத்தில் குழுவின் கொள்கை. தலைப்பு மட்டும் முதல் நாள் முடிவாகும். மற்றதெல்லாம் மேடையில் வாய்க்கு வந்தபடி. அன்றைக்கு வாய்க்கு என்ன வந்தது? அதேரித்து எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். திராட்சைச் சாராயத்தின் எரிச்சல் ஞாபகம் வந்தது. தொண்டை கிழியக் கத்தியதும், மூன்று நாள் குரல் வராமல் கிடந்ததும் ஞாபகம் வந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை.

லக்சம்பர்க்குக்குப் போன் போட்டார்.

"அதுல வார்த்தை வேற இருந்துதா?" என்றார் நேலியு. "நான் வெறும் இசைன்னுல்ல நினைச்சேன்?"

இவனை நம்பி ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறேனே என்று அதேரித்து போனை வைத்துவிட்டு, குவால்தீனுவின் கடைக்குப் போனார். குவால்தீனு இப்போது மிளகாய் தடவிக் கோழி சுட்டு விற்கிறார். கையில் இடுக்கி, இடுப்பில் கறுப்பு ஏப்ரன்.

"நான் டிரம்ஸுக்குப் பின்னாடி உக்காந்திருந்தவன்டா. என் காதுல என்ன விழும்?" என்று ஒரு கோழியைத் திருப்பிப் போட்டார். "ஆனா அது ஆயரைப் பத்தினது, அதான் நம்ம பிஷப்பை. அதுல சந்தேகமே இல்ல. இல்லேன்னா அந்தச் சாமியார் ஏன் சிலுவை போட்டாரு?"

நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலையே அதேரித்து உட்கார்ந்து, சொர்க்கத்தின் வாசலில் அங்கி போட்ட ஒரு நாய் படுத்துக்கொண்டு ஏழைகளைப் பார்த்துக் குரைப்பதாகப் பன்னிரண்டு வரி எழுதினார். மறுநாள் காலையில் யொலாந்தாவிடம் கொடுத்தார். அவள் அதைக் கலாசார அலுவலகத்தில் கொடுக்க, அவர்கள் ஆர்வக்கோளாறில் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, இணையத்திலும் ஏற்றிவிட்டார்கள்.

புதன்கிழமை காலை, ஓய்வுபெற்ற ஏட்டு சலூஸ்தியு தன் வீட்டு மீட்டர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க ஏட்டையா, அளவெடுக்கணும்."

"எடுக்க முடியாது. என் பாட்டைத் தூக்கி ஆயருக்குக் கொடுத்துட்டியாமே?"

அதேரித்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. "உங்க பாட்டா?"

"பின்னே? காவல் நாய்! காவல்னா யாரு? காவல்துறை! அன்னிக்கு மீன்சந்தையில சீருடையில நின்னது யாரு? நான் ஒருத்தன்தான்! நாப்பது வருஷமா காப்பிக் கடையில என்னை எல்லாரும் 'என்ன காவல் நாய், சௌக்கியமா'ன்னுதான் கேக்கறாங்க. என் பேரப்பிள்ளைங்க மூணும் அந்தப் பேரை பனியன்ல அடிச்சுப் போட்டிருக்குதுங்க. இப்ப வந்து ஆயருங்கறே!"

"திட்டினதுக்குக் கோவப்பட்டீங்கன்னா புரியுது. திட்டலைங்கறதுக்கா கோவம்?"

"அடேய், ஆயரைத் திட்டினதுக்கு நான் எப்படிடா கைது பண்ணியிருக்க முடியும்? அது சாமியார் சமாச்சாரம். போலீஸைத் திட்டினாத்தான் போலீஸ் பிடிக்கும். நான் பொய்க் கேஸ் போட்டேன்னு ஊர் பேசாதா?"

அதேரித்துவுக்குத் திடீரென்று ஒரு வெளிச்சம். "அப்ப நீங்க எழுதின அறிக்கையில வரியெல்லாம் இருக்குமே?"

"இல்லாம? நகல் வீட்டுலயே இருக்கு." உள்ளே போய்ப் பழுப்பேறிய ஒரு தாளை எடுத்துவந்து நீட்டினார். அதில் தட்டச்சில் இருந்தது இவ்வளவுதான்: 'மேற்படி நபர் பாடிய சொற்கள் எழுதத் தகாதவையாகையால் இங்கே எழுதப்படவில்லை.'

"இதுலேருந்தே தெரியலையா எவ்வளவு கேவலமா திட்டினேன்னு?" என்றார் ஏட்டு பெருமையாக. "நீ, அதாவது!"

கைது நடந்தது உண்மை. கைது செய்தவரே சாட்சி. அதேரித்து நகராட்சிக்கு ஓடி, ஆயரின் அங்கியைக் கழற்றிவிட்டு நாய்க்குத் தொப்பியும் விசிலும் மாட்டிப் புதுசாக எழுதிக் கொடுத்தார்.

"நேத்து ஆயர், இன்னிக்கு போலீஸா?" என்றாள் யொலாந்தா. "அங்கிக்குக் கையை இப்படி இழுத்து இழுத்துப் பழகிட்டேன் சார்."

"ஞாபகப் பிசகும்மா. இதுதான் கடைசி."

வியாழக்கிழமை காலை கோயிலிலிருந்து ஆள் வந்தது. அன்று நடுத்தெருவில் சிலுவைக்குறி போட்ட அனக்லேத்து சாமியாருக்கு இப்போது எண்பத்து நாலு. குச்சியை ஊன்றிக்கொண்டு, பூசை உடுப்பு மாட்டும் சக்ரீஸ்து அறையில் நின்றிருந்தார்.

"உனக்கு எதிரா நான் எத்தனை ஞாயித்துக்கிழமை பிரசங்கம் வச்சேன், தெரியுமா?"

"தெரியாது ஃபாதர். அப்ப நான் கோயிலுக்கு வர்றதில்ல."

"இப்ப மட்டும் வர்றியாக்கும்! பதினொரு ஞாயித்துக்கிழமை! ஆயரே கைப்பட எனக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பினாரு. என் வாழ்க்கையிலேயே அவர் எனக்கு எழுதின ஒரே கடிதம் அதுதான். இப்ப நீ அது போலீஸ் பாட்டுன்னா, நான் பதினொரு வாரம் போலீஸுக்காகவா தொண்டையைக் கிழிச்சுக்கிட்டேன்?"

"ஃபாதர், நீங்க அன்னிக்கு என் பாட்டைக் காதால கேட்டீங்கள்ல? ஒரு வரி, ஒரே ஒரு வரி சொல்லுங்க."

சாமியார் குச்சியைத் தரையில் தட்டினார். "அந்தச் சத்தத்துல யாருக்கு என்ன கேக்கும்? ஆனா உன் முகத்தைப் பார்த்தேன். கடவுளுக்கு எதிரா பேசறவன் முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

மதியத்துக்குள் அதேரித்து இருவருக்கும் பங்கு வைத்துவிட்டார். நாய்க்கு மேலே தொப்பி, கீழே அங்கி. பாட்டு நாற்பத்தெட்டு வரிக்கு நீண்டது. யொலாந்தா அதைக் கையால் சொல்லிப் பார்த்தாள். ஒன்பது நிமிஷம் ஆயிற்று. முடிந்ததும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"சார், கோவிச்சுக்காதீங்க. நிஜமாவே உங்களுக்கு அந்தப் பாட்டு தெரியுமா?"

நாற்பது வருஷமாக ஒரு பாட்டின் பேரால் வாழ்ந்துவிட்டு, அதில் ஒரு வார்த்தை தெரியாது என்று ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? அதேரித்து நேரே கோழிக்கடைக்குப் போய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

குவால்தீனு இடுக்கியைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? முன்வரிசையில உங்கப்பா நின்னாரு. அவரைக் கேளேன்."

"அவரையா?"

"ஆமா. நீ பாட்டு பூரா அந்தப் பக்கம் பார்த்துத்தானே கத்தினே? எனக்கு உன் முதுகுதான் தெரியும். ஆனா முதுகு எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சுன்னு நல்லாத் தெரியும்."

அதேரித்து கேட்கக் கூடாது என்று நாற்பது வருஷமாக வைத்திருந்த இடம் அதுதான். அவருடைய அப்பா எர்மீனியு தக்கை ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு ஒன்பது வருஷம் மகனோடு பேசவில்லை. அம்மாவின் அடக்கத்தன்றுதான், "குடையைப் பிடி, மழை பெய்யுது," என்று முதல் வார்த்தை சொன்னார். அதிலிருந்து வானிலை, கால்பந்து, மாத்திரை எல்லாவற்றையும் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பாட்டைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

எர்மீனியு சமையலறை மேஜையில் பூண்டு ரொட்டிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எண்பத்தேழு வயது. மகன் கேட்டதும் கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஞாபகம் இல்லைங்கறியா?"

"இல்லப்பா. சத்தியமா."

"எனக்கு இருக்கு." கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "'முதலாளி எறியற எலும்பை நக்குற நாய்'ன்னு சொன்ன. என் கண்ணைப் பார்த்துச் சொன்ன. கண்ணு இமைக்கலை."

"அப்பா..."

"அந்த வருஷம் ஆலையில எட்டுப் பேரை வெளியே அனுப்பினாங்க. அந்தக் காகிதத்தை நீட்ட வேண்டியது மேஸ்திரி வேலை. நான்தான் நீட்டினேன். ராத்திரி தூங்கினேனா இல்லையான்னு உங்கம்மாவுக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. நீ லாரி மேல ஏறி நின்னு ஊருக்கே சொல்லிட்ட. திங்கக்கிழமை ஆலைக்குள்ள நுழைஞ்சேன். தக்கை அடுக்குக்குப் பின்னாலேருந்து எவனோ குரைச்சான். அப்புறம் இன்னொருத்தன். நான் ஓய்வுபெற்ற நாள் வரைக்கும் குரைச்சானுங்க."

அதேரித்துவுக்கு 'நான் சொல்லவில்லை' என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியாதே. ஆயரைத் திட்டியிருக்கலாம், ஏட்டைத் திட்டியிருக்கலாம். அவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள். இதைச் சொல்லியிருந்தால்? இருபத்தொரு வயதில், குடித்துவிட்டு, எதை வேண்டுமானாலும் சொல்லக்கூடியவனாகத்தான் இருந்தார்.

"மன்னிச்சிடுங்கப்பா," என்றார்.

"எதுக்கு? ஞாபகம் இல்லாததுக்கா, சொன்னதுக்கா?" எர்மீனியு மறுபடி கரண்டியை எடுத்தார். "சனிக்கிழமை நல்லாப் பாடு. நான் வரலை."

தெருவுக்கு வந்ததும் அதேரித்து ஒரு முடிவுக்கு வந்தார். பதக்கமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். பழையபடி வாயில் டேப்பை ஒட்டிக்கொண்டு நின்றுவிட வேண்டியதுதான். யொலாந்தாவுக்குப் போன் செய்து, முதன்முறையாக உண்மையையும் சொல்லிவிட்டார்.



"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்," என்றாள் அவள். "அன்னிக்குப் பவனியைப் படம் பிடிக்க வந்த டிவிக்காரங்க உங்க மேடையையும், அந்தப் பாட்டு முழுக்க, எடுத்திருக்காங்க. கலாசார அலுவலகத்துல வரவழைச்சு வச்சிருக்காங்க. ஒலி மட்டும் தொலைஞ்சு போச்சாம். பேசாத படம். அதான் யாரும் உங்ககிட்ட சொல்லலை."

"ஒலி இல்லாத படத்தை வச்சு நான் என்னம்மா பண்றது?"

"எங்கப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேக்காது சார். ஆனா உதட்டை மட்டும் பார்த்தே எல்லாத்தையும் படிச்சிடுவாரு. அம்மா முணுமுணுக்கறதைக்கூட விடமாட்டாரு. நாளைக்கு மதியம் கூட்டிட்டு வர்றேன்."

வெள்ளிக்கிழமை மதியம் அதேரித்து மறுபடி அப்பாவின் சமையலறைக்குப் போனார்.

"வாங்கப்பா. நான் என்ன சொன்னேன்னு உங்க முன்னாடியே தெரியட்டும். அதைச் சொல்லியிருந்தா, நாளைக்கு அதே மைக்கைப் பிடிச்சு ஊர் முன்னாடி உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

எர்மீனியு எழுந்து போய்க் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்தார்.

நகராட்சியின் சின்ன அறைக்குள் நுழைந்தபோது நீதிமன்றம் மாதிரி இருந்தது. ஏட்டு முன்வரிசையில். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளிச் சாமியார். யார் சொல்லி வந்தார்களோ தெரியவில்லை. குவால்தீனு ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கதவோரம் நின்றார். அறை முழுக்கச் சுட்ட கோழி வாசனை.

"ஆயர் பேர் வந்தா எனக்கு எழுதிக் கொடுக்கணும்," என்றார் சாமியார்.

"வந்தால்ல," என்றார் ஏட்டு.

யொலாந்தாவின் அப்பா பெல்மீரு ஒல்லியான மனிதர். அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் தலையை ஆட்டிவிட்டுத் திரைக்கு மிக அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

படம் ஓடியது. லாரி. பேதுருவின் சிலை ஆட்களின் தோளில் ஆடி ஆடிப் போகிறது. பிறகு இருபத்தொரு வயது அதேரித்து, ஒல்லிக்குச்சியாக, காதில் ஆணியோடு, கழுத்து நரம்பு புடைக்க வாயைப் பிளக்கிறார். எர்மீனியு டையின் முடிச்சைப் பிடித்துக்கொண்டார். அவரும் திரையில் இருந்தார், முன்வரிசையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. மகன் நேராக அந்தத் திசையைப் பார்த்துத்தான், விரலை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார்.

அதேரித்துவுக்கு இனி சந்தேகமே இல்லை என்று தோன்றியது.

பெல்மீரு விரலால் ஒரு வட்டம் காட்டினார். மறுபடி போட்டார்கள். இன்னொரு முறை வட்டம் காட்டினார். மூன்றாவது தடவை அவருடைய உதடுகள் திரையோடு சேர்ந்து அசைந்தன. தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. பிறகு மகள் பக்கம் திரும்பினார். கைகள் பறந்தன.

யொலாந்தா புருவத்தைச் சுருக்கி, கையாலேயே எதையோ திருப்பிக் கேட்டாள். அவர் அழுத்தம் திருத்தமாக மறுபடி செய்து காட்டினார்.

"ஆயர்தானே?" என்றார் சாமியார்.

"போலீஸ்தானேம்மா? பயப்படாம சொல்லு," என்றார் ஏட்டு.

எர்மீனியு பெல்மீருவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதேரித்து அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அதன் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எதுவா இருந்தாலும் அப்படியே சொல்லும்மா. ஒரு வார்த்தை மாத்தாதே," என்றார்.

யொலாந்தா அதேரித்துவின் பக்கம் திரும்பினாள்.

"உங்கப்பாவைப் பார்த்து இல்லையாம் சார். அவருக்குப் பின்னாடி உக்காந்திருந்த மைக்செட்டுக்காரரைப் பார்த்து, 'டேய் கழுதை, மைக் வேலை செய்யலைடா, ஒருத்தனுக்கும் ஒண்ணும் கேக்கலைடா'ன்னு மூணு நிமிஷமும் அதையேதான் திருப்பித் திருப்பிக் கத்தியிருக்கீங்களாம்."